கிறிஸ்டோஸ் எப்படி ஹ்ரேஸ்டோஸ் ஆனார்?

பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் 'அப்போஸ்டில்' என்ற சொல் இப்போது நன்றாகவே பழகிவிட்டது. பிறப்புச் சான்றிதழிலோ திருமணச் சான்றிதழிலோ நம் வெளியுறவு அமைச்சகம் ஒட்டித் தரும் சிறிய சதுரம்தான் அது. 1961 அக்டோபர் 5-ல் நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி வந்தது. இந்தியாவில் 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பு இங்கே ஒவ்வொரு படியிலும் முத்திரை வாங்கி, கடைசியாகப் போகும் நாட்டின் தூதரக வாசலிலும் நிற்க வேண்டியிருந்தது.

அந்தச் சதுரம் எதற்குச் சாட்சி என்று கேட்டால் பலரும் தவறாகச் சொல்கிறார்கள். சான்றிதழில் இருக்கும் கையெழுத்து, போட்டவரின் பதவி, முத்திரை, இந்த மூன்றும் உண்மையானவை என்று மட்டுமே அது சொல்கிறது. உள்ளே எழுதியிருப்பது சரியா என்பது அதன் வேலை இல்லை. வங்கியில் மாதிரிக் கையெழுத்து அட்டையோடு காசோலையை ஒப்பிடுவோமே, அந்த மாதிரி. கையெழுத்து பொருந்துகிறதா என்று பார்ப்போம். பணம் எதற்கு என்று கேட்க மாட்டோம்.

உள்ளே எழுதியிருப்பதையும் எல்லை கடந்து புரியவைக்க வேண்டும் என்று ஐரோப்பாவில் தனியாக ஒரு முயற்சி நடந்தது. போர் முடிந்த சில ஆண்டுகளில், 1948-ல், பெல்ஜியம், பிரான்ஸ், லக்சம்பர்க், நெதர்லாந்து, சுவிட்சர்லாந்து ஆகிய ஐந்து நாடுகள் சேர்ந்து பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவுகளுக்கென்றே ஒரு சர்வதேச ஆணையத்தை அமைத்தன. மற்ற நாடுகள் பின்னர் சேர்ந்தன. 1976-ல் வியன்னாவில் இவர்கள் கொண்டுவந்த பன்மொழிப் படிவம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. தலைப்புகள் பல மொழிகளில் அச்சாகியிருக்கும். நாளுக்கு, மாதத்துக்கு, ஆண்டுக்கு, திருமணத்துக்கு, விவாகரத்துக்கு என்று குறியீடுகள். துருக்கியில் எழுதியதை பிரான்சில் மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் படித்துவிடலாம். குமாஸ்தா வேலை பார்த்தவனுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியாது.

தேதிக்கும் திருமணத்துக்கும் குறியீடு போடலாம். பெயருக்கு என்ன செய்வது? இதற்கு 1973-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஒரு விதி செய்தார்கள். வேறு எழுத்துமுறையில் இருக்கும் பெயரை லத்தீன் எழுத்துக்கு மாற்றும்போது எழுத்துக்கு எழுத்து மாற்ற வேண்டும், அதற்கு ஐ.எஸ்.ஓ. தரம் இருந்தால் அதைத்தான் பின்பற்ற வேண்டும். எல்லா நாட்டிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கட்டும் என்ற நல்ல எண்ணம்தான்.

இதில் மாட்டிக்கொண்டவர் கிறிஸ்டோஸ் கான்ஸ்டாண்டினிடிஸ் என்ற கிரேக்கர். ஜெர்மனியில் ஆல்டென்ஸ்டைக் என்ற ஊரில் மசாஜ் சிகிச்சை செய்து பிழைத்தவர். 1983-ல் அங்கே நடந்த அவருடைய திருமணத்தின் பதிவேட்டில் குடும்பப் பெயர் 'கான்ஸ்டாடினிடிஸ்' என்று பதிவாகிவிட்டது. பாஸ்போர்ட்டில் இருப்பது போலத் திருத்தித் தாருங்கள் என்று 1990-ல் கேட்டார். அவர் கேட்டது ஓர் எழுத்துத் திருத்தம், அவ்வளவுதான். அதிகாரிகளோ கிரேக்கப் பிறப்புச் சான்றிதழை வரவழைத்து, விதிப்படி எழுத்துக்கு எழுத்து மாற்றினார்கள். கிரேக்கர்கள் இன்று 'இ' என்று ஒலிக்கும் எழுத்து 'ஏ' ஆனது. முதலெழுத்து 'ஹ' ஆனது. கிறிஸ்டோஸ் இப்போது 'ஹ்ரேஸ்டோஸ்'!

தன் சொந்தப் பெயரே தனக்கு அந்நியமாகிவிட்டது என்று அவர் எதிர்த்தார். டூபிங்கன் நீதிமன்றம் வழக்கை லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 1993 மார்ச் 30-ல் தீர்ப்பு வந்தது. எழுத்துமாற்ற விதியே கூடாது என்று நீதிமன்றம் சொல்லவில்லை. ஆனால் உச்சரிப்பைத் திரிக்கும் எழுத்துமுறையைத் தொழிலில் பயன்படுத்தும்படி ஒருவரைக் கட்டாயப்படுத்தி, அதனால் வாடிக்கையாளர்கள் அவரை வேறு யாரோ என்று நினைக்கும் ஆபத்து வந்தால், வேறொரு உறுப்பு நாட்டில் தொழில் நடத்தும் அவருடைய உரிமைக்கு அது விரோதம் என்றது. பெயர் மாறினால் பிழைப்பு போகும் என்பதை நீதிபதிகள் புரிந்துகொண்டார்கள்.

நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. தமிழுக்கும் ஐ.எஸ்.ஓ. தரம் இருக்கிறது. அதன்படி 'முருகன்' என்பதில் நாம் போடும் 'ஜி' வராது, 'கே'தான் வரும். கடைசி எழுத்துக்கு அடியில் ஒரு கோடும் விழும். 'ழ'வுக்கு நாம் போடும் 'இசட்-ஹெச்' கிடையாது, 'எல்' போட்டு அடியில் கோடு. எந்த முருகனும் அதில் தன்னை அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்.

அந்த ஆணையத்தில் இந்தியா உறுப்பு நாடு இல்லை என்பதால் பெர்ன் விதி நம்மைக் கட்டுப்படுத்தாது. பிறப்புச் சான்றிதழில் ஒரு ஸ்பெல்லிங், பாஸ்போர்ட்டில் இன்னொன்று, மேற்கொண்டு இனிஷியலை விரித்து எழுதியதில் மூன்றாவது என்று நாமே செய்துகொள்வதுதான் இங்கே சிக்கல். அப்போஸ்டில் அதைச் சரிசெய்யாது. தவறான ஸ்பெல்லிங்கின் கீழே இருக்கும் கையெழுத்தும் உண்மையான கையெழுத்துதானே! சான்றிதழை அனுப்புவதற்கு முன் பாஸ்போர்ட்டை அருகில் வைத்து, பெற்றோர் பெயர் உட்பட, ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் முதலில் பதிவு செய்த அலுவலகத்தில் திருத்தம் வாங்குங்கள். அப்போஸ்டிலுக்குக் கொடுப்பது அதற்கு அப்புறம்.