ஒளிப்படமும் திருமேனியும்

கோவில்பதாகை என்னும் நம் ஊர்ப்பெயரில் கோயிலும் கொடியும் இணைந்து நிற்கின்றன. கொடி ஊரார் அனைவர்க்கும் தெரியப் பறப்பது; கருவறைத் திருமேனியோ நாடி வந்தார்க்கே காட்சி தருவது. கோயிலுள் ஒளிப்படம் எடுத்தலாகாது என்னும் விதியின் வேர் இவ்வேறுபாட்டில் உள்ளது எனலாம்.

இவ்விதி தொன்மையானதன்று, ஒளிப்படக் கலையே 1839இல்தான் உலகறிய வந்தது. 1858இல் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி மதுரை, தஞ்சைக் கோயில்களைப் படம்பிடித்தார். கருவி பெருகப் பெருகத் தடையும் பெருகிற்று. 2022 டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தூய்மையும் புனிதமும் காக்கும்பொருட்டுத் தமிழகக் கோயில்களில் கைப்பேசிக்குத் தடை விதிக்குமாறு ஆணையிட்டது. அருங்காட்சியகங்களில் காரணம் வேறு. மிகுந்த ஒளி ஓவியத்தையும் துணியையும் மங்கச் செய்யும் என்னும் அச்சம் அங்கு முதன்மையானது. கல்லுக்கும் செம்புக்கும் அவ்வச்சமில்லை.

படம் கள்வர்க்கு வழிகாட்டும் என்பாரும் உளர். வரலாறோ மறுபக்கத்தையும் காட்டுகிறது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவாடப்பட்ட சோழர்கால நடராசரை, ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் சுமார் 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிற்று. அத்திருமேனி நம்முடையதே என்று மெய்ப்பிக்க உதவியது எது? புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் முன்னரே எடுத்து வைத்திருந்த ஒளிப்படம். கோயிலில் எடுத்த படத்தையும் கலைக்கூடத்துச் சிலையையும் ஒப்பிட்டபோது இரண்டும் ஒன்றே என்பது தெளிவாயிற்று. 2014 செப்டம்பரில் நடராசர் தாயகம் திரும்பினார். அப்படம் இல்லையேல் அவரை நம்மவர் என்று நிறுவுதல் எத்துணை அரிதாகியிருக்கும்!

கவிஞர்கள் சிந்திக்க வேண்டிய இடம் இதுவே. நமக்கு அணித்தேயுள்ள திருமுல்லைவாயிலைச் சுந்தரர் பாடினார். அத்தலத்தின் பெயர் ஆயிரம் ஆண்டு கடந்தும் வாழ்கின்றது. ஆயினும், காணாமற்போன ஒரு செப்புத் திருமேனியின் விரல் வளைவுக்குப் பாடல் சான்று நிற்காது, படமே நிற்கும்.

ஆதலின், வழிபடுவோர் கையில் கருவி வேண்டா என்பதும், ஒவ்வொரு திருமேனிக்கும் முறையான படப்பதிவு வேண்டும் என்பதும் முரண்பட்டவை அல்ல. முன்னது பத்தியைக் காப்பது; பின்னது பத்திக்கு உரிய பொருளையே காப்பது. தடைப் பலகை தொங்கும் வாயிலுக்கு உள்ளே அப்பதிவு இருக்கின்றதா என்று நம் ஊர்க் கோயில்தோறும் கேட்பது, பத்தாண்டு நிறைந்த இவ்விலக்கிய வட்டத்தின் அடுத்த பணியாகட்டும்.