விடாத சுரமும் உடைத்த எர்த் பின்னும்: மேடைக் கீபோர்டின் கதை

கோயில் திருவிழா மெல்லிசைக் கச்சேரியில் இதை நீங்க கேட்டிருப்பீங்க. பாட்டு முடிஞ்சிடும், கைத்தட்டலும் அடங்கிடும். கீபோர்டில் மட்டும் ஒரு சுரம் "ஈஈஈ"ன்னு நிக்காம ஓடிட்டே இருக்கும். வாசிக்கிறவர் ரெண்டு கையையும் எடுத்துட்டார், ஆனாலும் நிக்காது. கடைசியில் ஸ்விட்சை அணைச்சுப் போடுவார்.

அது ஏன்னு தேடப்போனா, மேடைக்கு வந்த வெளிநாட்டுக் கட்டை வாத்தியங்களோட மொத்த வரலாறும் வருது. அந்த வரலாறு கடைசியில் எங்க டிபார்ட்மெண்ட்டில் வந்து நிக்குது. அதனாலதான் ஒரு டாக்டர் இதை எழுதுறேன். நீளமான த்ரெட், பொறுமையா வாங்க.

திருத்தணியிலிருந்தே ஆரம்பிக்கலாம். முத்துசுவாமி தீட்சிதர் வாயில் முருகன் கிழவர் வேடத்தில் வந்து கற்கண்டு போட்டதாகவும், அங்கேயே முதல் கீர்த்தனை பிறந்ததாகவும் சொல்ற மலை இதுதான். ஐதீகம் இருக்கட்டும், எனக்குப் பிடிச்சது அந்தக் குடும்பத்தோட இன்னொரு கதை. சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்தப்போ, அண்ணன் தம்பிகள் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஐரோப்பிய பேண்டு இசை கேட்டாங்க. அந்த மெட்டுகளுக்கு சம்ஸ்கிருதத்தில் வரிகள் போட்டதுதான் தீட்சிதரோட நோட்டுஸ்வர சாகித்யங்கள். தம்பி பாலுசுவாமி வெள்ளைக்காரங்க கிட்ட வயலின் கத்துக்கிட்டார். வயலின் நம்ம வாத்தியமாவே ஆயிடுச்சு. காரணம் ஒண்ணுதான், அதில் விரலை இழுக்கலாம். கமகம் வரும்.

ஆர்மோனியத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 1842-இல் பாரிஸில் தெபேன் என்பவர் காப்புரிமை வாங்கின கருவி அது. இங்கே வந்து கையால் துருத்தி போடுற பெட்டியா மாறி நாடக மேடை, பஜனை மடம், கட்சிக் கூட்டம்னு எல்லா இடத்திலும் உட்கார்ந்துடுச்சு. ஆனா ஒரு கட்டைக்கு ஒரே சுரம்தான், நடுவில் வழுக்க முடியாது. இதைச் சொல்லித்தான் ஆல் இந்தியா ரேடியோ 1940 மார்ச் 1-இலிருந்து ஆர்மோனியத்தைத் தடை செய்தது. தளர்த்தவே 1971 வரை ஆச்சு. ரேடியோ தடை செய்ததைக் கிராமம் கண்டுக்கவே இல்லைங்கிறது வேற விஷயம். பாவலர் வரதராஜன் தம்பிகளோட ஊர் ஊரா போய் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடினப்போ கூட வந்தது ஆர்மோனியம்தான். அந்தத் தம்பிகளில் ஒருத்தர் இளையராஜா.

ஆர்மோனியத்திலும் விடாத சுரம் உண்டு. கட்டைக்குக் கீழே ஒரு சின்ன மூடி இருக்கும். தூசி புகுந்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ அது முழுசா மூடாது, அந்த ரீட் பாடிக்கிட்டே இருக்கும். ஆனா துருத்தியை விட்டா காற்று நிக்கும், சத்தமும் நிக்கும். கோளாறு எங்கேன்னு கண்ணால் பார்க்கலாம். ஒரு குச்சி இருந்தா மேடையிலேயே சரி பண்ணிடலாம். அடுத்து வந்ததுக்கெல்லாம் இந்த வசதி கிடையாது.

1970-இல் மினிமூக் மாதிரியான சிந்தசைசர்கள் மேடைக்கு வந்தப்போ வாசிக்கிறவங்களைப் படுத்தினது சூடு. சுரத்தை உண்டாக்குற சர்க்யூட் வெப்பம் ஏற ஏற சுருதி விலகும். இங்கிலாந்துக் குளிரிலேயே பாட்டுக்குப் பாட்டு ட்யூன் பண்ணினாங்க. மே மாச வெயில் லிஸ்ட்டில் வேலூரோட போட்டி போடுற எங்க ஊர்ல அதை வச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. இங்கே அதெல்லாம் வாங்கவும் ஆள் குறைவு. வெளிநாட்டுக் கருவிகளை வாங்கி வச்சிருந்த சிலரில் ஒருத்தர் ஆர்.கே.சேகர். 1976-இல் அவர் இறந்த பிறகு அந்தக் கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் குடும்பம் நடந்தது. பையனுக்கு அப்போ 9 வயசு. அந்தப் பையன்தான் ஏ.ஆர்.ரஹ்மான்.

இப்போ கதையோட நடு இடம். 1980 வாக்கில் ஒரு கம்பெனி கீபோர்டு இன்னொரு கம்பெனி கீபோர்டோட பேசாது. அமெரிக்காவில் டேவ் ஸ்மித்தும் ஜப்பானில் ரோலண்ட் கம்பெனியை ஆரம்பிச்ச இகுதாரோ ககேஹாஷியும் முன்னால் நின்னு ஒரு பொதுமொழி கொண்டுவந்தாங்க. 1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த வாத்தியக் கண்காட்சியில் ப்ராஃபெட்-600-ஐயும் ஜூபிட்டர்-6-ஐயும் ஒரு வயரால் இணைச்சுக் காட்டினாங்க. அதுதான் மிடி. இதுக்காக 30 வருஷம் கழிச்சு, 2013-இல், ரெண்டு பேருக்கும் டெக்னிக்கல் கிராமி கொடுத்தாங்க.

மிடி வயரில் சத்தம் போகாது, சேதிதான் போகும். "இந்தக் கட்டையை அமுக்கியாச்சு, இவ்வளவு வேகத்தில்"னு ஒரு சேதி. விரலை எடுத்ததும் "விட்டாச்சு"ன்னு இன்னொரு சேதி. செகண்டுக்கு 31,250 பிட் வேகம். ஒரு சேதிக்கு ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட். ஒரே நேரத்தில் பத்து சுரம் அமுக்கினாலும் ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா வரிசையில்தான் போகணும்.

விடாத சுரம் பிறக்கிறது இங்கேதான். "அமுக்கியாச்சு" போய்ச் சேர்ந்துடுச்சு, "விட்டாச்சு" போறதுக்குள்ள யாரோ கால் தடுக்கி வயர் கழன்டுடுச்சு. அந்தப் பக்கம் இருக்கிற கருவிக்கு விரல் இன்னும் கட்டையிலேயே இருக்கிற மாதிரிதான் கணக்கு. விடியும் வரைக்கும் வாசிக்கும். அதுக்கு மருந்தா "எல்லா சுரத்தையும் நிறுத்து"ன்னு ஒரு கட்டளை வச்சாங்க, 123-ஆம் நம்பர். பல கருவிகளில் அந்தப் பட்டனுக்குப் பேரே 'பேனிக்'. மிரண்டு போய் அமுக்குறதுக்கான பட்டன்!

இன்னொரு வழியும் இருக்கு. டாக்டரா எனக்கு ரொம்பப் பிடிச்சது அது. சில கருவிகள் வாசிக்காதப்பவும் 300 மில்லிசெகண்டுக்குள்ள ஒரு தடவை "இருக்கேன், இருக்கேன்"னு துடிப்பு அனுப்பிக்கிட்டே இருக்கும். துடிப்பு நின்னா அந்தப் பக்கம் எல்லாச் சுரத்தையும் அடக்கிடும். ஐசியு மானிட்டரோட யோசனைதான். ஆனா இது கட்டாயமில்லை, எல்லாக் கருவியிலும் கிடையாது.

நம்ம ஊருக்கு மிடி வேகமாவே வந்தது. கம்ப்யூட்டர் வச்சு இசை சேர்த்த முதல் தமிழ்ப் படங்களில் ஒண்ணா 'புன்னகை மன்னன்' பேசப்பட்டது 1986-இல். ஸ்டுடியோவில் தப்பு வந்தா இன்னொரு டேக் போகலாம். மேடைக் குழுக்களுக்கு அது இல்லை. அவங்க கைக்கு வந்த முக்கியமான பொருள் ஆக்டோபேட், 1985. தபேலா, டிரம்ஸ், உடுக்கை எல்லாத்தையும் எட்டு ரப்பர் கட்டத்தில் அடிக்கிற பெட்டி. அந்த முதல் மாடலுக்குள்ள சொந்தமா ஒரு சத்தமும் கிடையாது, மிடி வயர் வழியா வேற பெட்டியைத்தான் பேச வைக்கும். வயர் கழன்டா குச்சி ரெண்டும் பறக்கும், ஆனா 'டொக் டொக்'னு ரப்பர் சத்தம் மட்டும் வரும்.

மேடையில் அதிகம் நடக்கிற சொதப்பல் டிரான்ஸ்போஸ் பட்டன்தான். பாடகி அஞ்சு கட்டை, பாடகர் ஒரு கட்டை. முந்தின பாட்டுக்கு மாத்தி வச்சதைத் திருப்ப மறந்துட்டா, முன்னிசை ஒரு சுருதி, புல்லாங்குழல் ஒரு சுருதி. திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர். இன்னைக்கும் கிருத்திகைக்குப் பாதிக் கூட்டம் அந்தப் பக்கத்திலிருந்துதான். ஒரே மேடையில் தமிழ்ப் பாட்டு, தெலுங்குப் பாட்டு, மறுபடி தமிழ்னு மாறி மாறிப் போகும், அதனால பட்டன் மாத்துற வேலையும் அதிகம். இன்னொண்ணு, கமகத்துக்காக வச்ச பிட்ச் பெண்ட் சக்கரம். ஆர்மோனியத்துக்குக் கிடைக்காத வழுக்கல் இதில் கிடைச்சது. ஆனா உள்ளே தூசி படிஞ்சு தேய்ஞ்சுட்டா சரியா நடுவுக்குத் திரும்பாது, கீபோர்டு முழுசும் லேசா விலகியே நிக்கும்.

பெரிய ஆளுங்களுக்கும் இது நடக்கும். 2007-இல் அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோவில் வான் ஹேலன் குழு 'ஜம்ப்' பாட்டை ஆரம்பிச்சப்போ, பதிவு பண்ணி வச்ச கீபோர்டு ஒரு சுருதியில், கிடார் இன்னொரு சுருதியில். 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவானது 48-இல் ஓடினதுதான் காரணம்னு சொல்றாங்க. கணக்குப் போட்டா ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் ஏறும். கேட்டவங்களுக்குக் காது கூசுற அளவு.

அப்புறம் கரண்ட். ஆர்மோனியத்துக்குத் தேவைப்படாத ஒரே பொருள். 2008-லிருந்து சில வருஷம் தமிழ்நாட்டில் கரண்ட் எப்படிப் போய் வந்ததுன்னு யாருக்கும் நினைவுபடுத்த வேண்டாம். கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கிற பத்து செகண்ட் குழல் விளக்குக்குப் பெரிசில்லை. பெரிய கீபோர்டு மறுபடி உயிர் பெற ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகலாம். சேமிக்காம விட்டது போனது போனதுதான்.

இதெல்லாம் மானம் போற விஷயம். இனி சொல்லப்போறது உயிர் போற விஷயம்.

ஸ்பீக்கரில் 'ம்ம்ம்'னு இரைச்சல் வரும். கீபோர்டு ஒரு பிளக் பாயிண்ட், மிக்சர் இன்னொரு பாயிண்ட், ரெண்டு எர்த்துக்கும் நடுவில் சின்ன வித்தியாசம். அது ஆடியோ வயர் வழியா ஓடி, 50 ஹெர்ட்ஸ் இரைச்சலாக் கேட்கும். மிடியை வடிவமைச்சவங்க இதை முதல்லயே யோசிச்சாங்க. மிடி இன் துளைக்குள்ள மின் தொடர்பே இல்லை. உள்ளே ஒரு குட்டி விளக்கு மினுக்கும், எதிரில் ஒரு ஒளிக்கண் அதைப் படிக்கும். சேதி வெளிச்சமாத் தாண்டும், கரண்ட் தாண்டாது. எங்க ஈசிஜி மெஷினிலும் நோயாளியைக் கரண்ட்டிலிருந்து பிரிச்சு வைக்க இதே தத்துவம் உண்டு.

ஆனா ஆடியோ வயருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அதனால மேடையில் என்ன பண்றாங்க? பிளக்கோட மூணாவது பின்னை உடைச்சுடுறாங்க. இரைச்சல் நின்னுடும், எல்லாரும் சந்தோஷம். அன்னைக்கு ஆம்ப்ளிஃபையருக்குள்ள ஒரு லைன் வயர் உரசினா, எர்த்துக்குப் போக வேண்டிய கரண்ட் அதன் உலோக உடம்பில் காத்திருக்கும். வேர்த்த கையில் அதோட இணைஞ்ச ஒண்ணையும், இன்னொரு கையில் மைக்கையும் பிடிக்கிறவர்தான் அதுக்கு வழி. ரெண்டு கைக்கும் நடுவில் இருக்கிறது இதயம். 1972 மே 3-ஆம் தேதி வேல்ஸின் ஸ்வான்சீயில் லெஸ் ஹார்வி என்ற கிடார் கலைஞர் எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார்.

சுமார் 10 மில்லிஆம்பியர் தாண்டினாலே பிடிச்சதை விட முடியாது, தசை இறுகிடும். மார்பு வழியா 100 மில்லிஆம்பியர் அளவுக்கு ஓடினா இதயம் துடிக்கிறதை விட்டுட்டு நடுங்க ஆரம்பிக்கும். கீபோர்டு அடாப்டரில் வர்ற லேசான சுறுசுறுப்பு பெரும்பாலும் இதைவிட ரொம்பக் குறைஞ்ச கசிவுதான். ஆனா அதுக்குப் பழகிட்டு "எப்பவும் இப்படித்தான் சார்"னு நிஜ ஷாக்கையும் ஒதுக்குறவங்களைப் பார்க்கிறப்போ எனக்குக் கோபம் வரும்.

இரைச்சலுக்குச் சரியான வைத்தியம் டிஐ பாக்ஸ். அதுக்குள்ள இருக்கிற டிரான்ஸ்ஃபார்மர் ஆடியோ வயரின் எர்த்தை மட்டும் பிரிக்கும், கரண்ட் பிளக்கின் எர்த்தைத் தொடாது. மேடைக்குப் போற எல்லாத்தையும் ஒரே பாயிண்டிலிருந்து எடுத்தாலே பாதி இரைச்சல் போயிடும். 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி போடுங்க. ஜெனரேட்டரில் ஓடும்போது நியூட்ரலை எர்த்தோட இணைச்சு, எர்த் கம்பியை ஈர மண்ணில் இறக்கலேன்னா அந்த ஆர்சிசிபி சும்மா அலங்காரம்தான், எலக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்கச் சொல்லுங்க.

யாராவது மேடையில் அப்படியே விறைச்சு நின்னா ஓடிப்போய்ப் பிடிக்காதீங்க. முதல்ல மெயின். அப்புறம் கூப்பிட்டும் அசையலை, மூச்சு இல்லைன்னா, நெஞ்சு நடுவில் ரெண்டு கையையும் வச்சு நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்குங்க. இன்னொருத்தர் 108-க்குப் பேசட்டும். எங்க திருத்தணி மாதிரி மலைக்கோயில் ஊரில் திருவிழா நாளில் ஆம்புலன்ஸ் கூட்டத்தைத் தாண்டி வரணும். அதனால கிருத்திகை மெடிக்கல் கேம்ப் டியூட்டி போட்டா, மருந்துப் பெட்டியை இறக்கி வச்சதும் நான் போய்ப் பார்க்கிறது கச்சேரி மேடையின் பின்பக்கத்தை: ஜெனரேட்டர் எங்கே, அதோட ஸ்விட்ச் எந்தப் பக்கம், அதைப் பார்த்துக்கிறவர் யாரு.