நெரிசலில் சிக்கிய இணையம்: 1986 தந்த பாடம்

அலுவலகத்தில் பலர் சேர்ந்து பயன்படுத்தும் ஒரு கோப்பு திறக்கத் தாமதமானால், முதலில் சந்தேகப்படுவது கணினியை. அடுத்தது கேபிளை. ஆனால் இரண்டிலும் எந்தக் குறையும் இல்லாமலே ஒரு வலையமைப்பு ஏறக்குறைய நின்றுபோக முடியும். இதை உலகம் நேரில் கண்டது 1986-ஆம் ஆண்டு.

முதல் எச்சரிக்கை

1984-இல் அமெரிக்காவின் ஃபோர்டு ஏரோஸ்பேஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் நேகிள் இந்த ஆபத்தைப் பற்றி எழுதினார். தொலைவில் உள்ள கணினிக்கு ஒரே ஓர் எழுத்தை அனுப்பினாலும், அந்த 1 பைட்டுடன் 40 பைட் தலைப்பு விவரங்கள் சேர்ந்து 41 பைட் பாக்கெட்டாகப் போனது. ஒரு கடிதத்திற்கு ஒரு லாரி அனுப்புவதைப் போன்றது இது. முந்தைய பாக்கெட் சேர்ந்ததற்கான ஒப்புதல் வரும்வரை சிறு எழுத்துகளைச் சேர்த்து வைத்து, பிறகு மொத்தமாக அனுப்பலாம் என்பது அவர் சொன்ன வழி. சுமை கூடினால் வலையமைப்பே சரிந்துவிடும் என்றும் எச்சரித்தார்.

அக்டோபர் 1986

கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்திற்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்திற்கும் இடையே உள்ள தூரம் சுமார் 400 கெஜம். அந்த இணைப்பின் வேகம் நொடிக்கு 32,000 பிட்டிலிருந்து திடீரென்று 40 பிட்டாக விழுந்தது. 40 பிட் என்றால் நொடிக்கு 5 எழுத்துகள். 2,000 எழுத்துகள் கொண்ட ஒரு பக்கம் போய்ச்சேர அரை நொடி போதும் என்ற நிலை மாறி, 6 நிமிடத்திற்கு மேல் ஆகும் என்றானது. காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே போய்விடலாம்!

இத்தனைக்கும் கம்பி அறுபடவில்லை, கணினி பழுதாகவில்லை. ஆய்வகத்தைச் சேர்ந்த வான் ஜேக்கப்சனும், பல்கலைக்கழகத்தின் யுனிக்ஸ் குழுவைச் சேர்ந்த மைக் கேரல்ஸும் காரணத்தைத் தேடினர்.

நோயும் மருந்தும்

கணினிகள் உள்ளூர் வலையமைப்பின் வேகத்தில் பாக்கெட்டுகளைக் கொட்டின. வழியிலிருந்த மெதுவான இணைப்பின் வாசலில் வரிசை நீண்டது. ஒப்புதல் வரத் தாமதமானதும், பாக்கெட் தொலைந்துவிட்டது என்று நினைத்து அதையே மறுபடியும் அனுப்பின. பாதை முழுக்க நகல்கள் நிறைந்தன. தாமதம் மறுஅனுப்புதலைக் கூட்டியது, மறுஅனுப்புதல் தாமதத்தைக் கூட்டியது.

1988-இல் ஜேக்கப்சன் வெளியிட்ட கட்டுரை இதற்கான தீர்வைச் சொன்னது. அடிப்படை எளிது: பழைய பாக்கெட் ஒன்று வெளியேறிய பிறகே புதியது ஒன்று உள்ளே போக வேண்டும். முதலில் ஒரு பாக்கெட், ஒப்புதல் வந்தால் இரண்டு, பிறகு நான்கு என்று தொடங்க வேண்டும். பாக்கெட் தொலைந்தால் அதை நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு, பாதை தாங்கும் என்று கருதிய அளவைப் பாதியாக்க வேண்டும். பின் மெல்ல மெல்லக் கூட்ட வேண்டும். மறுபடி அனுப்புவதற்கு முன் காத்திருக்கும் நேரத்தையும் சரியாகக் கணக்கிட வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இணையத்திற்கு உத்தரவிட ஒரு தலைமை அதிகாரி கிடையாது. ஒவ்வொரு கணினியும் தானாகவே அடங்கி நடந்தால்தான் இந்தத் தீர்வு பலிக்கும். பெர்க்லி யுனிக்ஸில் இந்த முறை சேர்க்கப்பட்டு, பல இடங்களுக்கும் பரவியது. இன்றும் இணையத்தின் பெரும்பகுதிப் போக்குவரத்து இதன் வழிவந்த முறைகளையே பின்பற்றுகிறது.

பின்கதை

பாக்கெட் செல்லும் வழியைக் காட்டும் டிரேஸ்ரூட் கருவியை எழுதியவரும் ஜேக்கப்சன்தான். அலுவலக வலையமைப்பு மெதுவாகும்போது பொறியாளர்கள் முதலில் நாடும் கருவிகளில் அதுவும் ஒன்று.

நோய் வேறு வடிவத்திலும் திரும்பியது. நினைவகம் மலிவானதால் கருவிகளில் வரிசைக்கான இடம் அளவுக்கு மீறிப் பெரிதானது. பாக்கெட் தொலையாமல் வரிசையிலேயே தேங்கியதால், நெரிசல் இருப்பதே அனுப்பும் கணினிக்குத் தெரியவில்லை. 2010-இல் ஜிம் கெட்டிஸ் இதைக் கவனப்படுத்தினார். 2012-இல் கேத்லீன் நிக்கோல்ஸும் ஜேக்கப்சனும் அதற்கும் ஒரு வழி கண்டனர்.

கோப்பு திறக்கவில்லை என்று பத்துப் பேரும் மீண்டும் மீண்டும் சொடுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு 1986-ஆம் ஆண்டே சாட்சி. கூட்டமான வாசலில் எல்லோரும் முண்டியடித்தால் ஒருவரும் உள்ளே போக முடியாது. ஒவ்வொருவரும் சற்றுப் பொறுத்தால் எல்லோரும் போய்விடலாம்.