கோணேசர் கற்களும் காணொளிக் கலையும்

திருகோணமலைத் துறைமுகத்தின் அருகே கடலை நோக்கி நிமிர்ந்து நிற்கும் சுவாமி மலையிலே விளங்கிய கோணேசர் ஆலயம், ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற பழம்பதியாகும். போர்த்துக்கேயர் 1620களிலே அதனை இடித்தழித்தனர். இடிபட்ட ஆலயத்தின் கற்கள் ஓரிடத்திலே கிடக்கவில்லை. ஒரு பகுதி அவர்கள் கட்டிய கோட்டைக்குப் பயன்பட்டது. ஒரு பகுதி மலையடியிலே கடலுள் வீழ்ந்தது. திருமேனிகள் சில மண்ணுள்ளே மறைந்தன. பின்னாளிலே பிரெடரிக் கோட்டை எனப் பெயர்பெற்ற அக்கோட்டையின் வாயிலில் இணைக்கயலும் தமிழ்ச் சாசனமும் பொறித்த கல்லை இன்றும் காணலாம். மண்ணிலே மறைந்த செப்புத் திருமேனிகள் 1950இல் கிணறு தோண்டியபோது வெளிப்பட்டன.

கடலுள் வீழ்ந்தவற்றை உலகுக்குக் காட்டியது ஒளிப்படக் கருவியாகும். 1956இல் ஆதர் சி. கிளார்க், மைக் வில்சன் என்னும் இருவரும் சுவாமி மலையடியிலே மூழ்கி, செதுக்குவேலை அமைந்த தூண்களைக் கண்டனர். வில்சன் இயக்கிய 'ரன்முத்து தூவ' என்னும் சிங்களத் திரைப்படம் 1962இல் திருகோணமலைக் கடலடியை வண்ணத்திலே காட்டிற்று. நீரில் மூழ்க இயலாதாரும் இருந்த இடத்திலிருந்தே அக்கடலடியைக் கண்டனர்.

1963 மார்ச்சிலே புதிய ஆலயத்துக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. அதே மாதத்திலே ஜேர்மனியின் வுப்பற்றால் நகரில், கொரியக் கலைஞர் நாம் ஜூன் பைக் தொலைக்காட்சிப் பெட்டிகளையே கலைப்பொருளாக்கிக் காட்சிக்கு வைத்தார். பார்வையாளர் எழுப்பும் ஒலிக்கேற்பத் திரையின் கோடுகள் மாறும் புதுமையும் அவர் ஆக்கங்களுள் ஒன்று. 1970இல் அமெரிக்கக் கலைஞர் புரூஸ் நௌமன் குறுகிய நடைபாதை ஒன்றை அமைத்து, அதன் கோடியிலே இரு திரைகளை வைத்தார். ஒன்றிலே வெறும் பாதை தெரியும். மற்றொன்றிலே நடந்து செல்பவரின் பின்புறம் தெரியும். திரையை நெருங்க நெருங்க அவர் உருவம் சிறுத்துக்கொண்டே போகும். அவ்வாக்கம் இன்று நியூயோர்க் குகன்ஹைம் நூதனசாலையின் சேகரிப்பில் உள்ளது. இவ்வகைத் தாபனக் கலையிலே பார்வையாளரும் ஆக்கத்தின் ஓர் உறுப்பாவார்.

திருகோணமலைக்கு இக்கலையால் ஆவதென்ன? சிதறியவற்றைக் கொணர்ந்து ஒரு கூரையின் கீழ்ச் சேர்ப்பது நூதனசாலையின் பழைய வழக்கம். கோணேசர் திறத்திலே அவ்வழக்கம் பொருந்தாது. கோட்டைக் கல்லைப் பெயர்த்தால் கோட்டையின் வரலாறு சிதையும். கடற்கல்லை எடுத்தால் அது வீழ்ந்து கிடந்த இடம் கூறும் சான்று அழியும். திருமேனிகளோ வழிபாட்டுக்குரியவை; காட்சிப் பேழைக்குரியவையல்ல.

ஆயினும், பார்வையாளரின் அடிவைப்புக்கேற்ப மாறும் காட்சி, ஒரு கல்லையும் அசையாது இம்மூன்றையும் ஓர் அறையிலே இணைக்க வல்லது. கோட்டை வாயிலை நோக்கி நடப்பவர்முன் கடலடித் தூண் தோன்றலாம். அதனை நெருங்கினால் ஆலயத்தின் கோலம் விரியலாம். சிதைந்ததை முழுமையெனக் காட்டி மயக்குதல் மட்டும் ஆகாது. எது கண்டது, எது கருதியது என்னும் வேறுபாடு திரையிலும் தெளிவாய் நிற்றல் வேண்டும். அங்ஙனம் அமையுமாயின், மலையுச்சியிலே தொழுதுவிட்டுக் கடலை நோக்கும் அடியவர், அந்நீரின் கீழே கிடப்பது எதுவென அறிந்து நோக்குவர்.