குப்பியும் கலமும்

நாஞ்சில் நாட்டில் 'பாட்டில்' என்பதைக் காட்டிலும் 'குப்பி' என்பதே முதியோர் வாயில் இயல்பாக வரும். புறநானூற்றின் 56ஆம் பாடலை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் இச்சொல் நம்மைச் சற்று நிறுத்திவிடும். யவனர் தந்த மதுவை நக்கீரர் பாடுமிடத்தில் வரும் கலம் என்பதற்குப் பழைய உரைகாரர் குப்பி என்று பொருள் கொண்டார். கப்பலென்றும் கொள்ளலாம், தமிழில் இரண்டும் கலமே. ஆனால் அரிக்கமேட்டில் அகழ்ந்தெடுத்த மதுக்கலங்களோ இரு கைப்பிடி கொண்ட சுடுமண் சாடிகள். உரைகாரர் தம் காலத்துப் பாண்டத்தை முன்னோர் கையில் கொடுத்துவிட்டார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இப்பாடம் நடந்த மறுவாரம், கடற்கரை ஊரிலிருந்து வரும் மாணவர் ஒருவர் தந்தையின் வலையில் ஏறிய கரும்பச்சைக் குப்பி ஒன்றைக் கொண்டுவந்தார். 1741இல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்ற ஒல்லாந்தருடையதா என்பது அவர் கேள்வி.

ஒல்லாந்தர் கப்பலொன்று கடலடியில் முறையாக ஆராயப்பட்ட இடம் நமக்கு அண்மையிலேயே உண்டு. அவர்களது கிழக்கிந்தியக் கம்பெனியின் 'அவொண்ட்ஸ்டர்' 1659 ஜூலை 2 அன்று இலங்கையின் காலித் துறைமுகத்தில், நங்கூரப்பிடி தளர்ந்து, கரைக்கு மிக அருகே மூழ்கியது. முன்னர் அது ஆங்கிலேயர் கப்பல்; ஒல்லாந்தர் கைப்பற்றியது. 2001 முதல் 2004 வரை முக்குளித்து அகழாய்வு செய்தனர்.

பல நூற்றாண்டுகள் கப்பல்கள் தங்கிச் சென்ற துறையில், குடித்துவிட்டு எறிந்த குப்பிகளுக்குக் குறைவிராது. மூழ்கிய கப்பலின்மேல் கிடப்பதனாலேயே ஒரு குப்பி அக்கப்பலுக்கு உரியதாகிவிடாது. சரக்கோடு சேர்ந்து வண்டலுக்குள் புதைந்து கிடப்பதே நம்பத்தக்க சாட்சி. ஆகவே முக்குளிப்போர் முதலில் பார்க்க வேண்டியது குப்பியை அன்று, அது கிடக்கும் இடத்தை.

அதன்பின் உடலைப் படிக்கலாம். வாயால் ஊதிச் செய்த பழங்குப்பியின் அடியில், பிடித்திருந்த இரும்புக் கம்பியை ஒடித்தெடுத்த வடு கரடாக இருக்கும். அச்சில் ஊதியதாயின், அச்சின் பாதிகள் பொருந்திய கோடு பக்கவாட்டில் ஓடும். அக்கோடு கழுத்தோடு நின்றால் வாயைக் கையால் முடித்திருக்கிறார்கள். வாய் விளிம்பையும் கடந்தால் பொறியில் வார்த்தது, பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டினது. கோடு இல்லாமை மட்டும் பழமைக்குச் சான்றாகாது. அச்சுக்குள் சுழற்றிக் கோட்டை அழித்த குப்பிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏராளம். வானவில் நிறத்தில் உரியும் மேற்பரப்பைக் கண்டு மயங்குவோர் பலர். அது கடல்நீர் கண்ணாடியைத் தின்றதன் அடையாளமேயன்றி வயதுக் கணக்கன்று. கழுத்தில் கோலி உருளும் குப்பியோ ஐயத்துக்கே இடமின்றி 1872இல் ஹைரம் காட் என்னும் ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற வடிவின் வழிவந்தது. நம் கோலி சோடாவின் மூதாதை. அவொண்ட்ஸ்டரின்மேல் அப்படியொன்று கிடந்தால், இருநூறு ஆண்டுகளுக்குப் பின் யாரோ எறிந்தது என்றே பொருள்.

எடுத்துவிட்டாலும் சிக்கல் தீர்வதில்லை. உப்பூறிய பழங்கண்ணாடியை அப்படியே உலரவிட்டால் செதில் செதிலாக உதிரும். நன்னீரிலிட்டுச் சிறுகச் சிறுக உப்பை நீக்க வேண்டும். காலியில் அத்தகைய பணி நடந்துவந்த ஆய்வுக்கூடத்தை 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அழித்தது. மீட்ட பொருள்களில் பல போயின. அதே அலைதான் குளச்சலிலும் மணக்குடியிலும் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயிற்று; பொருள்களுக்காக வருந்தவும் நமக்குக் கூச்சமாக இருக்கிறது. எனினும் போனவை எங்கே, எவற்றோடு கிடந்தன என்பதை எழுதி வைத்திருந்தமையால் அவற்றைப் பற்றி இன்றும் பேச முடிகிறது.

மாணவரின் குப்பியைச் சன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பிப் பார்த்தோம். கோடு வாய் விளிம்பைக் கடந்து ஓடியது. அவர் முகம் வாடிற்று. ஒட்டியிருந்த சிப்பிகளை எல்லாம் முந்தின இரவே சுரண்டிக் கழுவிவிட்டதாகச் சொன்னார். வலை எந்த இடத்தில் விரித்தது என்று கேட்டோம். அப்பாவிடம் கேட்டு எழுதிக்கொண்டு வருவதாகச் சொல்லிச் சென்றார்.