எட்டயபுரத்துச் சீட்டுக்கவி

பத்தாம் ஆண்டில் கவிஞர்க்குப் பரிசொன்று நிறுவ நம் வட்டம் கருதும் இவ்வேளையில், அண்டை ஊராகிய எட்டயபுரத்தின் வரலாறு நினைக்கத்தக்கது.

தன்னைப் புகழ்தல் புலவர்க்குத் தகாது. ஆயினும் மன்னன் அவைக்கு ஓலை விடுக்குங்கால் தகும் என்கிறது நன்னூல். பரிசில் வேண்டும் சீட்டுக்கவி அவ்வழி வந்தது. (உதவித்தொகைப் படிவத்தில் 'தகுதி' என்னும் கட்டத்தை நிரப்பக் கூசும் நம் போன்றோர்க்குப் பவணந்தியார் அன்றே விலக்களித்துவிட்டார்!)

1893-இல் பதினொரு வயதுச் சுப்பையாவின் புலமை கண்டு எட்டயபுரத்து அவை 'பாரதி' என்னும் பட்டம் அளித்தது. புதுவை வாழ்வு முடிந்து கடையத்தில் வறுமையுற்றிருந்த 1919-இல், அதே சமஸ்தானத்துக்கு அவர் சீட்டுக்கவி எழுத நேர்ந்தது. அதில் இரப்போன் குரல் இல்லை. தமிழுக்குத் தாம் சேர்த்த புகழைச் சொல்லி, சாலுவையும் பொற்பையும் பல்லக்கும் தமக்கு உரியன என்றே கேட்கிறார். உதவி வரவில்லை. 1921-இல் மறைந்தார்.

1947-இல் அவ்வூரிலேயே அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பெற்றது. கல்கியின் வேண்டுகோளை ஏற்று வாசகர்கள் அனுப்பிய நன்கொடையால் எழுந்தது அது. அரண்மனைக் கொடையால் அன்று.

உரைநடையாளர்க்கும் இந்நிலையே. இடைசெவல் தந்த கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' 1970-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றபோது, பெற்றுக்கொள்ள அவர் இல்லை.