பேட்டா பிறந்த கதை

வாளையாற்றைத் தாண்டி, கஞ்சிக்கோடு பக்கம் லாரியை ஓரங்கட்டுகிற டிரைவர் தன் டிரிப் நோட்டை எடுத்து எழுதுகிறார். டீசல் இவ்வளவு, டோல் இவ்வளவு, ஏத்துக்கூலி, இறக்குக்கூலி. கடைசியாக ஒரு வரி: பேட்டா. மேலே எழுதியதெல்லாம் வண்டிக்கு. அந்த ஒரு வரிதான் அவருக்கு. குமுளியில் ஏலக்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு கம்பம் பக்கம் இறங்கும் வண்டியிலும் இதே கணக்குதான். சினிமாப் படப்பிடிப்பில் லைட்மேனுக்கு நாள் பேட்டா உண்டு. கோர்ட்டில் சம்மன் போக வேண்டுமென்றால் வக்கீல் குமாஸ்தா 'பேட்டா கட்டியாச்சா?' என்று கேட்பார்.

இத்தனை இடங்களில் புழங்கும் இந்தச் சொல் பெரிய பெயர் வாங்கியது பட்டாளத்தில். பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனியின் படைக் கணக்கில் இதைப்போல் சண்டை மூட்டிய சொல் வேறில்லை. அதைக் கொடுத்ததால் படைகள் நடந்தன. நிறுத்தியதால் படைகள் கலகம் செய்தன. இன்றைக்கு ராணுவத்தில் பட்ஜெட்டும் கணக்கும் பார்ப்பவர்களின் வேலை ஏன் அவ்வளவு முக்கியம் என்று புரிய, இந்த ஒரு சொல்லின் கதை போதும்.

முதலில் சொல்லைப் பார்ப்போம். பாலக்காட்டில் ஒரு அரசு ஊழியர் விலைவாசிக்காகச் சம்பளத்தோடு சேர்த்து வாங்கும் தொகைக்கு மலையாளத்தில் 'க்ஷாமபத்த' என்று பெயர். மலைக்கணவாயின் இந்தப் பக்கம், கோயம்புத்தூரில், அதற்கு அகவிலைப்படி என்று பெயர். நம் பெரியவர்கள் பஞ்சப்படி என்பார்கள். க்ஷாமம் என்றால் பஞ்சம். பத்த என்றால் படி. மலையாளச் சொல்லும் தமிழ்ச் சொல்லும் அச்சில் வார்த்தாற்போல் ஒன்றுக்கொன்று பொருந்துகின்றன. இந்த 'பத்த'தான் நம் பேட்டாவும், இந்திக்காரர்களின் 'பத்தா'வும்.

1886இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் என்ற புகழ்பெற்ற அகராதி இந்தச் சொல்லுக்கு இடம் ஒதுக்கி விளக்கம் எழுதியிருக்கிறது. அதைத் தொகுத்த இருவரில் ஒருவரான ஆர்தர் பர்னல் தஞ்சாவூரில் ஜட்ஜாக இருந்தவர். ஒரே உச்சரிப்பில் இரண்டு வெவ்வேறு சொற்கள் கலந்துவிட்டன என்கிறது அகராதி. ஒன்று, களத்துக்குப் போகும் படைக்குச் சம்பளத்துக்கு மேல் தரும் தொகை. இதன் வேர் கன்னடத்தில் நெல்லைக் குறிக்கும் 'பத்த' என்ற சொல்லாக இருக்கலாம். மற்றொன்று, நாணயம் மாற்றும்போது பிடிக்கும் கழிவு, அதாவது வட்டம். சென்னை ராஜதானியில் 1818இல் ரூபாய் நிலைபெறும் வரை வராகன், பணம், காசு என்றுதான் கணக்கு. சிப்பாய் வாங்கிய வராகனைக் கடைத்தெருவில் சில்லறையாக்கப் போனால் நாணயம் மாற்றும் சராப்பு தன் வட்டத்தைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார். ஆக ஒரு பேட்டா சிப்பாயின் கைக்கு வரும் காசு, இன்னொன்று கையை விட்டுப் போகும் காசு.

நெல்லிலிருந்து பேட்டா வந்தது என்பதை நம்புவது தமிழருக்குக் கடினமில்லை. நம்மிடம் படி என்பது அரிசி அளக்கும் பாத்திரம். அதுவேதான் அகவிலைப்படி, பயணப்படி என்பதிலும் இருக்கிறது. பஞ்ச காலத்தில் திருவீழிமிழலையில் அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் கொடுத்த காசுக்குப் படிக்காசு என்று பெயர். 'எல்லாருக்கும் படியளக்கிறவன் இருக்கிறான்' என்று இன்றும் சொல்கிறோம். பசிக்குச் சோறு என்பதுதான் இந்தச் சொல்லின் அடிப்பொருள்.

பட்டாளத்துக்கு இது எப்படி வந்தது? முகாமில் இருக்கும்போது சிப்பாய்க்குக் குடிசை உண்டு, பழகிய கடை உண்டு. சென்னைப் படைச் சிப்பாய்கள் பெண்டு பிள்ளைகளோடு வாழ்ந்தவர்கள். படை நகர்ந்தால் குடும்பமும் பின்னாலேயே நகரும். வழியில் அரிசி விலை ஏறும், வண்டிக்கூலி சேரும். மாதச் சம்பளம் அதைத் தாங்காது. அதனால் ஊரைவிட்டுக் கிளம்பினால் ஒரு தொகை, எல்லை தாண்டினால் அதற்கும் மேல் ஒரு தொகை என்று ஏற்பாடு வந்தது.

பாலக்காட்டுக் கணவாய், நகரும் படையின் இந்தக் கஷ்டத்தை நேரில் பார்த்த இடம். 1766இல் ஐதர் அலி எழுப்பிய பாலக்காட்டுக் கோட்டை இன்றும் ஊருக்கு நடுவே அகழியோடு நிற்கிறது. 1783 நவம்பரில் கர்னல் ஃபுல்லர்ட்டன் தலைமையில் கம்பெனியின் தென்படை பழனி, ஆனைமலை வழியாகக் காட்டைக் கடந்து அந்தக் கோட்டைக்கு வந்தது. அடைமழை, பீரங்கிகளை ஓடையிலும் சேற்றிலும் இழுக்க வேண்டும். அன்றைக்குச் சென்னைக் கஜானா வறண்டு கிடந்தது. படைக்குச் சம்பளப் பாக்கி. பின்னாளில் தன் அனுபவங்களை நூலாக எழுதிய ஃபுல்லர்ட்டன், பாலக்காடும் கோயம்புத்தூரும் படைக்குச் சோறு போடக்கூடிய நாடு என்பதை அழுத்திச் சொன்னார். கேரளத்தின் நெற்களஞ்சியம் என்று இன்றும் பேர் வாங்கும் மண் அது. கோட்டை விழுந்தது. ஆனால் அடுத்த ஆண்டு மைசூரோடு செய்த மங்களூர் உடன்படிக்கையில் பிடித்த இடங்களைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

பேட்டாவை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அதற்கு 17 ஆண்டுகளுக்கு முன்பே வங்காளம் காட்டிவிட்டது. 1757இல் பிளாசிப் போருக்குப் பின் நவாப் மீர் ஜாஃபர் கம்பெனி அதிகாரிகளுக்கு இரட்டை பேட்டா கொடுத்தார். அவர் செலவு என்பதால் யாரும் கேட்கவில்லை. பிறகு அந்தச் சுமை கம்பெனியின் தலையில் விழுந்தது. 1766 ஜனவரி முதல் இரட்டை பேட்டா கிடையாது என்று ராபர்ட் கிளைவ் உத்தரவு போட்டார். ஏறத்தாழ 200 வெள்ளை அதிகாரிகள் கூடிப் பேசி, ஒரே சமயத்தில் ராஜினாமா செய்யத் துணிந்தார்கள். கிளைவ் சென்னையிலிருந்து ஆள் வரவழைத்தார், படை இருந்த முங்கேருக்கு நேரில் போனார், தலைவர்களைப் பிடித்து விசாரித்தார். கலகம் அடங்கியது. அந்த அதிகாரிகள் எதற்காகச் சண்டை போட்டார்கள் என்று பாருங்கள்: அவசரத்துக்கு வந்த சலுகை ஒன்பது ஆண்டில் உரிமையாகிவிட்டிருந்தது.

இதே காலத்தில்தான் கணக்குப் பார்ப்பவருக்கென்று தனி நாற்காலி உருவானது. இன்றைய பாதுகாப்புக் கணக்குத் துறை தன் பிறப்பை 1750இல் கல்கத்தா வில்லியம் கோட்டையில் ஏற்பட்ட படைச் சம்பள அதிகாரி பதவியிலிருந்து எண்ணுகிறது. 1788இல் ஜான் வில்டன் என்பவர் படைத்துறையின் முதல் அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆனார். சிப்பாயை நடத்துபவர் கையிலேயே சிப்பாயின் சம்பளமும் இருக்கக் கூடாது என்ற எண்ணம் மெல்ல வேரூன்றியது.

இனி மேற்கு மலையின் மறுபக்கம். இன்றைய இடுக்கி அன்று திருவிதாங்கூர்ப் பக்கம். அங்கே 1804இல் திவான் வேலுத்தம்பி கஜானாவைச் சரிக்கட்ட வழி தேடினார். நாயர் படையின் படியைக் குறைக்க முனைந்தார். படை கிளர்ந்தெழுந்தது. அதைக் காரணமாக்கி 1805இல் கம்பெனி புதிய உடன்படிக்கை போட்டது. கம்பெனிப் படையை வைத்துக்கொள்வதற்காக ஆண்டுக்கு 8 லட்ச ரூபாய் கட்ட வேண்டும். பணம் பாக்கி விழுந்தது, கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடெண்ட் நெருக்கினார், வேலுத்தம்பி எதிர்த்து நின்றார். 1809 ஜனவரி 11ஆம் தேதி கம்பெனிக்கு எதிராக அவருடைய குண்டறைப் பிரகடனம் வந்தது. அந்த ஆண்டே மண்ணடியில் அவர் உயிர் போனது. படியில் மிச்சம்பிடிக்கப் போன ஒரு முடிவு, ஐந்தே ஆண்டில் ஒரு நாட்டின் சுதந்திரத்தையே விலையாகக் கேட்டது.

அதே 1809 ஜனவரியில் சென்னையில் இன்னொரு கணக்குச் சண்டை. சென்னைப் படையில் ஒவ்வொரு தளபதிக்கும் கூடாரம் வைத்துப் பராமரிக்க மாதாமாதம் ஒரு தொகை கிடைத்தது. போர் என்றாலும் அமைதி என்றாலும் அதே தொகை. குவார்ட்டர் மாஸ்டர் ஜெனரலாக இருந்த ஜான் மன்றோ 1807இல் இதை ஆராய்ந்து அறிக்கை கொடுத்தார். சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமேல் சிலையாக இருக்கிறாரே, அந்தத் தாமஸ் மன்றோ வேறு, இவர் வேறு. படை நகர்ந்தாலும் நகராவிட்டாலும் ஒரே பணம் என்றால், கூடாரம் நன்றாக இல்லாமலிருப்பதே தளபதிக்கு லாபம். கடமையும் சொந்த ஆதாயமும் எதிரெதிராக நிற்கும் என்பது அறிக்கையின் சாரம். 1808இல் அந்தத் தொகை நின்றது. எங்களைத் திருடர் என்கிறாரா என்று அதிகாரிகள் கொதித்தார்கள். தலைமைத் தளபதி மக்டோவல், மன்றோவைக் கைதே செய்துவிட்டார். கவர்னர் பார்லோ விடுவிக்கச் சொன்னார். அந்தக் கோடையில் மசூலிப்பட்டினம், ஹைதராபாத், ஸ்ரீரங்கப்பட்டணம் என்று அதிகாரிகளின் கலகம் பரவியது. சித்ரதுர்கத்திலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அழைத்துவரப்பட்ட இரண்டு பட்டாலியன்களைக் கம்பெனிக்கு அடங்கிய படை வழியில் தாக்கியது. தங்களுக்குச் சம்பந்தமே இல்லாத கூடாரப் பணத்துக்காகச் சிப்பாய்கள் செத்தார்கள்.

அந்த ஜான் மன்றோதான் 1810இல் திருவிதாங்கூர் ரெசிடெண்டாகவும், 1811 முதல் 1814 வரை திவானாகவும் இருந்தவர். வேலுத்தம்பியைத் தின்ற அதே பாக்கிக் கணக்கை அவிழ்த்து, நாட்டின் கடனை அடைக்கும் வேலை படைக் கணக்கை ஆராய்ந்த அவரிடமே வந்து சேர்ந்தது.

மன்றோவின் பார்வை சரி. இல்லாத வேலைக்குப் பணம் தரக் கூடாது. ஆனால் இருக்கிற வேலைக்குத் தராமலிருப்பது அதைவிடப் பெரிய தவறு என்பதை 1843 காட்டியது. அந்த ஆண்டு கம்பெனி சிந்து நாட்டைப் பிடித்தது. பிடிக்கும் வரை அது அந்நிய நாடு. அங்கே போன சிப்பாய்க்கு வெளிநாட்டு பேட்டா. பிடித்த மறுகணம் அது கம்பெனியின் சொந்த நாடு. 'சொந்த நாட்டில் என்ன பேட்டா?' என்று நிறுத்திவிட்டார்கள். பாலைவனமும் காய்ச்சலும் அப்படியே இருந்தன. ஏட்டில் பெயர் மட்டும் மாறியது. வங்காளச் சிப்பாய்கள் போக மறுத்தார்கள். அவர்களின் 34ஆவது ரெஜிமெண்டை 1844இல் கலைத்தே விட்டார்கள். சென்னைப் படையிலிருந்தும் ஒரு ரெஜிமெண்ட், பேட்டா உண்டு என்று கவர்னர் டுவீடேல் கொடுத்த வாக்கை நம்பிக் கப்பலேறியது. பம்பாய் போன பிறகுதான் மேலிடம் அதை ஒப்புக்கொள்ளவில்லை என்று தெரிந்தது. குடும்பத்துக்கு இவ்வளவு அனுப்பலாம் என்று விரல்விட்டு எண்ணியிருந்த மனிதர்கள் அவர்கள். கீழ்ப்படிய மறுத்தார்கள். குற்றவாளி என்ற பேர் அவர்களுக்குத்தான் வந்தது.

இந்தச் சண்டைகளிலிருந்துதான் இன்றைய ஒழுங்கு வந்தது. 1906இல் படைச் செலவைப் படைக்கு வெளியிலிருந்து பார்க்கும் நிதிப் பிரிவு ஒன்று ஏற்பட்டது. 1951 அக்டோபர் 1 முதல் படைக் கணக்குத் துறைக்குப் பாதுகாப்புக் கணக்குத் துறை என்று பெயர். சென்னை தேனாம்பேட்டையில் அண்ணா சாலையைக் கடப்பவர்கள் அதன் கட்டுப்பாட்டாளர் அலுவலகத்தைப் பார்த்திருப்பார்கள். செலவுக்கு முன் 'இது தேவையா, பட்ஜெட்டில் இடம் உண்டா?' என்று நிதி ஆலோசகர் கேட்கிறார். செலவான பின் 'உரியவருக்கு உரியது போனதா?' என்று கணக்குத் துறை பார்க்கிறது.

பழைய பேட்டா இன்று எப்படி நடக்கிறது என்பதையும் கிட்டே போய்ப் பார்க்கலாம். கொல்லங்கோட்டிலிருந்தோ உடும்பன்சோலையிலிருந்தோ கம்பத்திலிருந்தோ மெட்ராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்த ஒரு பையன் சியாச்சினுக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் அங்கே போய்ச் சேர்ந்த தேதியை யூனிட் குமாஸ்தா 'பார்ட் டூ ஆர்டர்' என்ற உத்தரவில் ஏற்றுவார். அது குன்னூர் வெலிங்டனில் உள்ள சம்பளக் கணக்கு அலுவலகத்துக்கு வரும். அங்கே ஒருவர் அதைச் சரிபார்த்து அவன் பேரேட்டில் ஏற்றினால்தான் படி சேரும். ஏழாவது சம்பளக் கமிஷனுக்குப் பின், 2017 ஜூலையில், சியாச்சின் படி ஜவானுக்கு மாதம் 30,000 ரூபாய், அதிகாரிக்கு 42,500 ரூபாய் என்று ஆனது. தேதி தப்பாக ஏறினால் பனியில் நின்ற ஒரு மாதம் கணக்கில் இல்லாமல் போகும். வெலிங்டனில் அந்தத் தேதியைச் சரிபார்க்கும் கை நம் வணக்கத்துக்குரியது.

பாலக்காட்டிலும் இடுக்கி எல்லையிலும் தேனியிலும் படையில் பிள்ளை இருக்கும் வீடுகள் பல. அந்த வீட்டாருக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை போன் வரும்போது 'சாப்பிட்டாயா?' என்று கேட்டபின், 'பார்ட் டூ ஆர்டர் போட்டாச்சா, பே ஸ்லிப்பில் படி ஏறியிருக்கா?' என்றும் கேளுங்கள். உங்களிடம் டிரைவரோ வேலையாளோ இருந்தால், அவருடைய பேட்டாவை அன்றன்றைக்கே கொடுத்துவிடுங்கள். அது அவருடைய சோறு.